மரம் விழுந்த விளை

அருமனை

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிற காலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கையெழுத்து மட்டும் அப்படியே எட்டாம் கிளாஸ் கையெழுத்து.

இங்கே எல்லாரும் சுகம். மூத்தவன் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறான். மருமகளுக்கும் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மனசுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் வேலை. உன் கடிதத்தை அவளிடமும் காட்டினேன், கோபப்படாதே. அவளுடைய படிப்பே அதுதான். இந்தக் கடிதத்தில் அறிவாளித்தனமாக ஏதாவது இருந்தால் அது அவள் கொடுத்த தாள்களைப் படித்துவிட்டு நான் எழுதுவது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்து, இருபது வருஷம் நடத்திய லேத் பட்டறையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவன் அழத்தானே வேண்டும்? காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிறாய், மனசு லேசாக இருக்கிறது என்கிறாய். ராத்திரியில் உன் வீட்டுக்காரி, தங்கச்சி, எழுந்து உனக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். அவள் அப்படிப் பயந்துகொண்டிருக்கும்போது உனக்குச் சந்தோஷம் வருவது கிறுக்கா என்று கேட்கிறாய். அதே கடிதத்தில், பார்க்க வருகிறவர்கள் "எல்லாம் நன்மைக்கே" என்றால் கையை ஓங்கத் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறாய்.

கிறுக்கெல்லாம் இல்லடே. கை ஓங்கத் தோன்றுவதும் சரிதான். இரண்டும் ஒரு ஆளுக்குள் இருக்கும். எனக்கு இருந்தது.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயலை நீ டிவியில் பார்த்திருப்பாய், எனக்கு அது முதலில் சத்தமாகத்தான் வந்தது. ரப்பர் மரம் எல்லாம் வேரோடு சாயாது, பாதி மரம் நடுவில் ஒடியும். ஒவ்வொன்று ஒடியும்போதும் கோயிலில் கதினா வெடி போட்டதுபோல் கேட்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். காற்று அடங்கிய பிறகு விளைக்கு, நம் ரப்பர் தோட்டத்துக்குப் போனால், ஒடிந்த முறியில் இருந்து பால் வடிந்து மண்ணெல்லாம் வெள்ளை. பால் பிடிக்கிற சிரட்டைகள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. மழைத் தண்ணீரில் கலந்து ஓடிய பாலை காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலாகக்கூடச் சுரண்ட முடியாது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். எத்தனை மரம் போச்சு என்று அப்புறம்தான் பார்த்தேன். பால் வெட்டுகிற பருவத்தில் நன்றாக நின்றவை பெரும்பாலும் போய்விட்டன. ஜில்லா முழுக்க மரம் கிடந்ததால் தடி வியாபாரி சொன்னதே விலை. புதுக் கன்று வைத்தால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். கரண்டும் இல்லை. இருட்டில் உட்கார்ந்து அந்த ஏழு வருஷத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் எல்லாரிடமும் சொன்னது ஒன்றுதான்: "மரம்தானே போச்சு." தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன ஆட்களே திரும்பவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறுக்கும் மேல் போயிற்று. அதைப் பேப்பரில் படித்துவிட்டு மரத்துக்கு அழுதால் வெட்கம்.

இது என் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். மருமகள் சிரித்தாள். ஷெல்லி டெய்லர் என்று அமெரிக்காவில் ஒரு அம்மா, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களோடு பேசி 1983-இல் எழுதியிருக்கிறார். கட்டியை மட்டும் எடுத்தவள், முழு மார்பும் போனவளை நினைத்து ஆறுதல்படுகிறாள். முழுதும் போனவள், "எனக்கு வயசாகிவிட்டது, பாவம் சின்ன வயசுக்காரிகள்" என்கிறாள். கல்யாணமானவள் ஆகாதவளுக்காக இரங்குகிறாள். யாருக்கும் தனக்குக் கீழே ஒருத்தி கிடைத்துவிடுகிறாள். மனசு முதலில் பிடித்துக்கொள்கிற கொம்பு அதுவாம். உன்னோடு ஐ.சி.யு.வில் கிடந்த பைபாஸ்காரரைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், கவனித்தாயா?

ஆனால் எனக்கு நடந்த நல்லது அந்தக் கொம்பால் வரவில்லை. கையாலையில், அதாவது இரண்டு விளைக்கும் நடுவில் இருக்கிற எல்லைச் சுவரில் இருந்து வந்தது.

தெற்குப் பக்கத்து விளைக்காரருக்கும் எனக்கும் கையாலைத் தகராறு இருந்தது உனக்குத் தெரியும், சர்வேயர் வந்து அளந்தும் தீராதது. ஒக்கியில் அவர் மரம் என் விளையிலும் என் மரம் அவர் விளையிலுமாகக் குறுக்கே விழுந்து கையாலையே தெரியாமல் போனது. மரம் அறுக்கிற மிஷினுக்கு அந்த நாட்களில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர் ஒருத்தனைப் பிடித்து வந்திருந்தார். "உன் பக்கமும் அறுத்துவிடச் சொல்லவா?" என்று கேட்டார், அவ்வளவுதான். சமாதானப் பேச்சு, மன்னிப்பு எதுவும் கிடையாது. அன்று மத்தியானம் அவர் வீட்டுக் கஞ்சியும் பயறும் சாப்பிட்டேன். கையாலையை அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே கட்டினோம். எந்த இடத்தில் கட்டினோம் என்று கேட்காதே, அளந்து பார்க்கவில்லை.

கன்று வளர்கிற வருஷங்களில் இடையில் அன்னாசியும் மட்டி வாழையும் போட்டோம். வீட்டுச் செலவுக்கு அது காணாது என்று தேனீப்பெட்டி வாங்கச் சொன்னது என் வீட்டுக்காரி. மார்த்தாண்டம் பக்கம் தேன் வளர்ப்புக்குப் பேர் போனது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை செல்வா, இத்தனை வருஷம் பால் வெட்டியும் எனக்கு அது தெரியாது. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று இலையும் ஒரே காம்பில் சேருகிற இடத்தில் சின்னச் சொட்டாகத் தேன் நிற்கும். நாக்கில் தொட்டுப் பார்த்தேன், இனிப்பு. நம் விளையில் மரம் இல்லையே, பெட்டிகளை எங்கே வைப்பது? தெற்கு விளைக்காரரின் பள்ளத்தில் காற்றுக்குத் தப்பிய மரங்கள் நின்றன, அங்கேதான் வைத்தோம்.

தேனீ சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். 1991, 92-இல் தாய் சேக்புரூட் என்ற நோய் வந்து தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனதே, அதில் அவர் பெட்டி எல்லாம் காலி. "அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்று நான் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதில் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்ததும் தேனைப் பார்க்கமாட்டார். சட்டத்தைத் தூக்கி, புழு இருக்கிற அடையை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். நோய் வந்த புழு பை மாதிரி உப்பி, தலை தூக்கிக் கிடக்குமாம். கற்றுக்கொண்டது அந்தக் கையில் இருந்தது, நான்தான் வாயில் தேடினேன்.

இதை மருமகளிடம் சொன்னபோது டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரண்டு பேரைப் பற்றிச் சொன்னாள். பெரிய அடி வாங்கியவர்களிடம் என்ன மாறுகிறது என்று கேட்க 1996-இல் 21 கேள்வி தயார்செய்தவர்கள். தன்னால் முடியும் என்ற தைரியம், மனுஷரோடு நெருக்கம், புது வழி திறப்பது, இருப்பதன் அருமை தெரிவது, கடவுள் சம்பந்தமான மாற்றம் என்று ஐந்து வகையாக அதைப் பிரித்திருக்கிறார்கள். அவர்கள் அழுத்திச் சொல்வது, நல்லது அந்த அடியிலிருந்து வருவதில்லை, அதோடு மல்லுக்கட்டுவதிலிருந்து வருகிறது என்பதை. வேதனையும் நல்லதும் ஒன்றாக இருக்கும், ஒன்று வந்தால் மற்றது போய்விடாது என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. ஒக்கிக்கு நான் நன்றி சொல்லமாட்டேன். தெற்கு விளைக்காரருக்குச் சொல்லுவேன், வீட்டுக்காரிக்கும். "எல்லாம் நன்மைக்கே" என்று வருகிறவன் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறான். கணக்கு எழுதுகிறவன் கடனும் வரவும் வேறு வேறு பக்கத்தில்தான் எழுதுவான். அதுவும் அடிபட்டவன் எழுத வேண்டிய கணக்கு. சின்னத்துறையில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் போய் "இதில் உனக்கு என்ன லாபம்" என்று எவனாவது கேட்டால் அவனுக்கு நாக்கு அழுக வேண்டும்.

உன் மாதிரி ஆட்களையே பார்த்த ஒரு ஆய்வும் இருக்கிறது. அஃப்லெக் என்பவரும் கூட்டாளிகளும் 1987-இல் வெளியிட்டது. முதல் அட்டாக் வந்த 287 பேரை ஏழு வாரத்தில் ஒருமுறை, எட்டு வருஷம் கழித்து ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏழாவது வாரத்திலேயே ஏதோ ஒரு நன்மையைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு அடுத்த அட்டாக் குறைவாக வந்திருக்கிறது. தனக்கு வந்ததற்கு மற்றவர்கள்தான் காரணம் என்று பழி போட்டவர்களுக்கு அதிகம். நல்லதைப் பார்த்ததால் இதயம் தேறியதா, அப்படிப்பட்ட சுபாவக்காரர்கள் சிகரெட்டையும் விட்டு ஒழுங்காக நடந்துகொண்டதாலா, இதிலிருந்து சொல்லிவிட முடியாது. அதனால் மனசு லேசாக இருக்கிறது என்று ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. ஸ்டென்டில் ரத்தக்கட்டி அடைத்தால் கதை கந்தல். பட்டறைப் பார்ட்னரைத் திட்டி எழுதிய அந்த ஒன்றரைப் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம் உனக்குப் பிடிக்காது. காலேஜ் பிள்ளைகளை அடி விழும் முன்பும் பின்பும் அளந்து பார்த்து 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. "நான் மாறிவிட்டேன்" என்று அவர்கள் சொன்னதற்கும் உண்மையில் மாறியதற்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. ஆகவே உன் மாற்றத்துக்கு நீ சாட்சி இல்லை, தங்கச்சிதான் சாட்சி. ஒக்கிக்கு அப்புறம் நான் பொறுமைசாலி ஆகிவிட்டேன் என்று இங்கே ஒருநாள் பெருமை பேசினேன். "பொறுமையா? காலையில் மூணு மணிக்கு எழுந்து பால் வெட்டப் போகவேண்டியதில்லை, தூங்கி எழுகிறீர்கள், அதுதான்" என்றாள் என் வீட்டுக்காரி. அதுவும் லாபம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சி ராத்திரி எழுந்து பார்ப்பதைப் பற்றி. உனக்கு நடந்ததில் நீ படுத்துக் கிடந்தாய், அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள். அவளுக்கு இன்னும் முடியவில்லை. உன் சந்தோஷத்தை அவளுக்கு விளக்காதே. காலை நடைக்கு அவளையும் கூப்பிடு, பேரன் நடுவில் வரட்டும்.

அப்புறம், நிறுத்தாமல் எழுது. பென்னிபேக்கர் என்பவர் 1986-இல் காலேஜ் பிள்ளைகளை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்குக் கால் மணி நேரம், மனசில் கிடந்த பெரிய அடியைப் பற்றி எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கலங்கித்தான் போனது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்ததாம். எனக்கே எழுது, தபால் செலவு உன்னுடையது.

ரப்பர் இப்போது வெட்டுக்கு வந்துவிட்டது. நாலடி உயரத்தில் சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர் வந்தால் கத்தி வைக்கலாம், பெரும்பாலான மரம் வந்திருக்கிறது. நான் வெட்டுவதாக இல்லை, கூலிக்கு ஒரு பையனைச் சொல்லியிருக்கிறேன். பிப்ரவரியில் தேன் எடுப்போம். டாக்டர் சம்மதித்தால் தங்கச்சியோடு நாகர்கோவில் ரயிலில் ஏறு, ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வருகிறேன். நம் வீட்டில் படி ஏறுகிற வேலை இல்லை. உப்பு எவ்வளவு போடலாம், தேங்காய் ஆகுமா என்று மட்டும் அவளைக் கேட்டு முன்கூட்டியே எழுது. தேங்காய் இல்லாமல் இங்கே ஒரு குழம்பும் வைக்கத் தெரியாது.

அன்புடன்,
தங்கராஜ்