சேலத்து பைக் ஷோரூம்காரர்களுக்கு ஒரு மெக்கானிக்கின் திறந்த மடல்

ஷோரூம் முதலாளிகளுக்கும் சேல்ஸ் தம்பிகளுக்கும் வணக்கம்.

நீங்கள் பளபளவென்று அனுப்பி வைக்கிற வண்டிகள் நசுங்கி வந்து சேர்கிற பட்டறைகளில் என்னுடையதும் ஒன்று. அஸ்தம்பட்டி பக்கம். திங்கட்கிழமை ஆனால் ஃபோர்க் பெண்டு, தேய்ந்த சைலன்சர், உடைந்த ஃபேரிங் (வண்டியை மூடுகிற பிளாஸ்டிக் உறை) என்று வரிசை கட்டிவிடும். எங்கே விழுந்தாய் என்று நான் கேட்பதில்லை. எத்தனையாவது வளைவு என்றுதான் கேட்பேன். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பலகையில் எண் போட்டிருப்பதால் பையன்களும் பிசகாமல் சொல்லிவிடுகிறார்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வண்டி விற்பது உங்கள் தொழில். ஆனால் குனிந்து பிடிக்கிற கிளிப்-ஆன் ஹேண்டில், சட்டென்று கியர் இறக்கினாலும் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஸ்லிப்பர் கிளட்ச், போதாததற்கு ரேஸ் ட்ராக்குக்கென்று ‘ட்ராக்’ என்றே ஒரு ரைடிங் மோடு, எல்லாவற்றையும் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைக் கொடுக்கிறீர்களே, அந்த மோடை எங்கே போய்ப் போடுவது என்று ஒருத்தராவது சொல்கிறீர்களா? பையன் தனக்குத் தெரிந்த ஒரே ட்ராக்குக்குப் போகிறான். அது அடிவாரம் செக்போஸ்ட்டில் ஆரம்பிக்கிறது.

நிஜ ட்ராக் ரொம்ப தூரத்தில் இல்லை. கோவை செட்டிப்பாளையத்தில் மோட்டார் பந்தய முன்னோடி கரிவரதன் பெயரில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர். விடிகாலை கிளம்பினால் டிபன் நேரத்துக்குப் போய்விடலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சென்னை ட்ராக், 3.7 கிலோமீட்டர். இந்த இரண்டு இடத்திலும் ட்ராக் ரைடிங் பள்ளிகள் வகுப்பு நடத்துகின்றன. தேசியப் பட்டங்கள் வாங்கிய ரஜினி கிருஷ்ணன் சென்னையில் அகாடமியே வைத்திருக்கிறார். பக்கத்து ஓசூர்க்காரர்களான டிவிஎஸ், ஒரே மாதிரி அப்பாச்சி வண்டிகளை வைத்து நடத்தும் பந்தயத்தில் பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. இவ்வளவும் சேலத்துப் பையன்களுக்குச் செய்தியாகவே வந்து சேரவில்லை.

ரேஸ் லைசென்ஸ் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் புரோக்கரைப் பிடிக்கிற சமாச்சாரம் என்று என் கடையிலேயே பேசுகிறார்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு கொடுப்பது அது. முதல் முறை கேட்பவர் பயிற்சி முடித்த சான்றிதழையும் டாக்டர் சான்றையும் காட்ட வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு அப்பா அம்மா கையெழுத்தும் வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். எல்லாப் பள்ளிச் சான்றிதழும் செல்லுபடியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. கூட்டமைப்பு ஏற்றுக்கொள்கிற பயிற்சி எது என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு தகவலை டெலிவரி அன்றைக்கு நீங்கள் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

சரி, இரண்டு நாள் பள்ளியில் அப்படி என்ன கற்றுக்கொடுத்துவிடுவார்கள்? மலையில் விழுந்து வருகிற வண்டிகளைப் பார்த்தே இதற்குப் பதில் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் விழுவது வேகத்தால் அல்ல, பயத்தால். வளைவுக்குள் பாதி வழியில் பதறி ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுவார்கள், கூடவே முன் பிரேக்கையும் பிடிப்பார்கள். பாரமெல்லாம் முன் சக்கரத்தில் இறங்கும். சாய்ந்து நிற்கிற டயரால் திருப்புவதையும் நிறுத்துவதையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாது. போதாக்குறைக்குக் கண் தடுப்புச் சுவரையே பார்க்கும். கண் போன இடத்துக்குத்தான் வண்டியும் போகும். பள்ளியில் இந்தப் பயத்தைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். ஒரே கியரில், பிரேக்கே தொடாமல், ஆக்ஸிலேட்டரை மட்டும் வைத்து ட்ராக்கைச் சுற்றச் சொல்வது அங்கே பிரபலமான முதல் பாடம். வேகமாக ஓட்ட வந்தவனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அப்புறம் எங்கே திருப்ப ஆரம்பிப்பது, எங்கே பார்ப்பது, உடம்பை எப்படி நகர்த்துவது என்று ஒவ்வொன்றாக வரும். கொடிகளையும் படிக்க வேண்டும்: மஞ்சள் ஆடினால் முந்தக் கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது ட்ராக் ஓரத்தில் வண்டிகள் நிற்கிற இடத்துக்குத் திரும்பு. மஞ்சளைப் பார்த்து வேகம் குறைக்கப் பழகியவன் ஐந்து ரோடு சிக்னலிலும் கொஞ்சம் திருந்துவான் என்று எனக்கு ஒரு நப்பாசை.

ட்ராக்கில் ஆபத்தே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். 2023 ஆகஸ்டில் சென்னை ட்ராக்கில் நடந்த தேசியப் பந்தயத்தில் 13 வயது பெங்களூருப் பையன் ஒருவன் இறந்துபோனான். ஆனால் அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில் போகிறது, கொடியோடு மார்ஷல் என்கிற பாதுகாப்பு ஆள் நிற்கிறார், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. நம் மலையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதே தெரியாது. ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு திரும்பும் பஸ் வரலாம், தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிய ஜீப் வரலாம். அவர்கள் யாரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை.

சட்டமும் சும்மா இல்லை. அனுமதியில்லாமல் பொது ரோட்டில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஓட்டியது 18 ஆகாத பையன் என்றால் அப்பாவுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் காத்திருக்கிறது. அப்பா பெயரில் பில் போடும்போது இதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கஸ்டமர் ரைடு என்று கூட்டமாக மலையேற்றி, அதை ரீல்ஸ் எடுத்துப் போடுவதை விடுங்கள். அந்த பெட்ரோல், பேனர், பிரியாணிக் காசில் ஒரு வேன் பிடித்து, ஆர்வமுள்ள பையன்களையும் பெண் பிள்ளைகளையும் செட்டிப்பாளையத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். பள்ளிக் கட்டணத்தில் பாதியையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். ட்ராக்கில் போடுகிற ரேஸ் சூட் விலையைக் கேட்டே பலர் பின்வாங்குவார்கள். ஊருக்குப் பொதுவாக நாலைந்து சைஸில் வாங்கி வாடகைக்கு விடுங்கள். ஷோரூம்கள் சேர்ந்து போட்டால் யாருக்கும் பெரிய பாரமில்லை.

சொந்த வண்டியோடு வருகிறவர்களுக்கு மிரர் கழற்றுவது, உடைந்தால் சிதறாமல் இருக்க ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டுவது, பிரேக் பேட், டயர், செயின் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. அதற்குக் கூலி வேண்டாம். ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டி பட்டறைக்காரன்