தோட்டப்புற மாற்றுத்திறனாளிகள் குறித்த கூட்டு ஆய்வுக்கான கோரிக்கை மனு

பெறுநர்:
மாநில இயக்குநர்,
சமூக நல இலாகா,
கெடா டாருல் அமான்.

வழி: மாவட்டச் சமூக நல அதிகாரி, கோலமூடா மாவட்டம்.

பொருள்: பீடோங் வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய பகுதிகளிலும் வாழும் மாற்றுத்திறனாளிகளின் நிலையை, பல்கலைக்கழகங்கள் அவர்களோடு சேர்ந்து ஆராய்வதற்கு ஏற்பாடு செய்து தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் இளைய மகள் பெருமூளை வாதத்துடன் பிறந்தவள். இப்போது அவளுக்கு 26 வயது. அவளைப் போன்ற பிள்ளைகளைச் செம்பனைத் தோட்டங்களில் வைத்து வளர்க்கும் பெற்றோர், தோட்டம் கைமாறிய பின் நகரோரத்துத் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய குடும்பங்கள், வேலையில் அடிபட்டு முடங்கிய தொழிலாளர்கள் ஆகியோர் சார்பில் இம்மனுவை எழுதுகிறேன். இதன் மலாய் வடிவம் இணைக்கப்பட்டுள்ளது. முதலில் தமிழில் எழுதியதற்குக் காரணம், ஒப்பமிட்ட ஒவ்வொருவரும் தாம் எதற்கு ஒப்பமிடுகிறோம் என்பதைத் தாமே வாசித்தோ வாசிக்கக் கேட்டோ அறிந்திருக்க வேண்டும் என்பதே.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம், அதாவது 685-ஆம் சட்டம், 2008-இல் நடப்புக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010-இல் உறுதி செய்தது. அவ்வுடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, கொள்கை வகுப்பதற்குத் தேவையான புள்ளிவிவரங்களையும் ஆய்வுத் தரவுகளையும் திரட்டுவதை அரசாங்கத்தின் கடமையாக்குகிறது. 4-ஆவது பிரிவோ, தங்களைப் பற்றிய முடிவுகளில் மாற்றுத்திறனாளிகளையும், அவர்களுள் சிறுவர்களையும், நேரடியாக ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. நாங்கள் புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை. இவ்விரண்டு பிரிவுகளும் எங்கள் தோட்டத்து மண்சாலை வரை வந்து சேர வேண்டும் என்றே கேட்கிறோம்.

சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் குறிப்பிடத்தக்க சிரமம் உண்டெனக் கண்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான ஓகேயு அட்டை பெறப் பதிந்துகொண்டவர்களோ நாட்டு மக்கள் தொகையில் இரண்டு விழுக்காட்டை ஒட்டியே இருக்கின்றனர். பதிவு அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால் இந்த இடைவெளி ஓரளவு எதிர்பார்க்கத்தக்கதுதான். ஆனால் உதவித்தொகையும் மறுவாழ்வு மையமும் சிறப்புக் கல்வி வகுப்பும் பதிவு எண்ணிக்கையை வைத்தே திட்டமிடப்படுமானால், பதியாதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். தோட்டப்புறத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏன் இத்தனை பேர் என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்கல்விக் கூடத்திலிருந்து மாணவர்கள் மலாயில் அச்சிட்ட கேள்வித்தாளோடு எங்கள் லயத்துக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்; வெயிலில் வீடு வீடாக நடந்தார்கள். பக்கத்து வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து நான்தான் மொழிபெயர்த்தேன். வீட்டில் ஊனமுற்றவர் யாரேனும் உண்டா என்ற கேள்விக்கு, அந்தத் தாய் சற்றும் தயங்காமல் இல்லை என்றார். "புள்ள கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான் சார்" என்றார். அவர் மடியில் கிடந்த ஒன்பது வயதுப் பையனுக்கு அதுவரை பேச்சு வரவில்லை. தாளில் 'இல்லை' என்றே குறித்தார்கள். அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. ஊனம் என்ற சொல்லைத் தன் பிள்ளையின் மேல் வைக்க மனம் வராமல் சொன்ன பதில் அது. அந்த ஆய்வு என்ன கண்டது என்பதை எங்களுக்கு இன்றுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

கேள்வியை வேறு விதமாகக் கேட்க முடியும். ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் அமைந்த வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகளில் ஊனம் என்ற சொல்லே கிடையாது. கண்ணாடி அணிந்திருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா, நடப்பதிலோ படியேறுவதிலோ சிரமம் உண்டா, தன் வழக்கமான மொழியில் பேசும்போது பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலோ தான் சொல்வதைப் பிறருக்குப் புரியவைப்பதிலோ சிரமம் உண்டா என்றே அவை கேட்கின்றன. அதே தாயிடம் இந்தக் கடைசிக் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பார்.

எண்ணிக்கை மட்டும் போதாது. என் மகளின் சக்கர நாற்காலி 26 அங்குல அகலம். நாங்கள் முன்பு இருந்த லயத்து வீட்டின் குளியலறைக் கதவு 24 அங்குலம். இரண்டு அங்குலத்துக்காகப் பதினோரு ஆண்டுகள் அவளைத் தினமும் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டியதில் என் மனைவியின் இடுப்பு தேய்ந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்கும்படி பொதுக் கட்டடங்களை அமைப்பதற்கு எம்எஸ் 1184 என்ற தர விதி இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டத்தின் கீழ் வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே எங்கள் வீட்டுக் கதவு எங்கே நிற்கிறது என்பதைச் சட்டமும் கட்டடக் கலையும் அறிந்தவர்கள் நேரில் வந்து அளந்து எழுத வேண்டும். குலை வெட்டும்போது மட்டை விழுந்து முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்களும், இனிப்புநீரால் காலை இழந்தவர்களும் தங்களை மாற்றுத்திறனாளிகளாகக் கருதுவதே இல்லை. வேலை போனால் தோட்டத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், நடமாட்டம் குறைந்த அதே வேளையில் அவர்கள் அடுக்குமாடியின் மேல்தளத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். இந்தத் தொடர்ச்சியை ஒரே துறை தனியாக நின்று பார்த்துவிட முடியாது.

ஆகவேதான் கூட்டு ஆய்வு கேட்கிறோம். 1975-இலேயே சமூகப்பணிக் கல்வியைத் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் இருக்கிறது. சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம். எங்கள் பீடோங்கிலேயே மருத்துவமும் இயன்முறைச் சிகிச்சையும் கற்பிக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். இம்மூன்றையும் தாங்கள் ஒரே மேசைக்கு அழைத்து, தங்கள் இலாகாவின் தலைமையில் இவ்வட்டார ஆய்வொன்றைத் தொடங்கித் தருமாறு வேண்டுகிறோம். அதில் மாற்றுத்திறனாளிகளும் பெற்றோரும் வெறும் பதில் சொல்பவர்களாக இல்லாமல், கேள்விகளை வகுப்பதிலும், வீடு வீடாகச் சென்று கேட்பதிலும், கிடைத்ததைப் பொருள்கொள்வதிலும் பங்காளிகளாக இருக்க வேண்டும். அவர்களின் உழைப்புக்கு மாணவ ஆய்வாளர்களுக்குத் தருவது போல ஊதியமும் தர வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தொழிலாளியிடம் இலவசமாகக் கருத்துக் கேட்பது நியாயமாகாது. முடிவுகள் தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டு, எங்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்ட பிறகே அமைச்சுக்கு அனுப்பப்பட வேண்டும் என்பதை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம்.

ஓர் இடத்தில் தொடங்கியது நாடு முழுவதும் பரவும் என்பதற்குத் தங்கள் இலாகாவிலேயே சான்று உண்டு. சமூக மறுவாழ்வுத் திட்டமான பிடிகே 1984-இல் திரெங்கானுவில் சிறிய அளவில் தொடங்கி, இன்று எல்லா மாநிலங்களிலும் நடக்கிறது. என் மகள் கரண்டி பிடிக்கக் கற்றது அப்படிப்பட்ட ஒரு மையத்தில்தான். அந்நன்றியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதல் சந்திப்புக்குக் கோயில் மண்டபத்தைத் தருவதாக நிர்வாகத்தினர் ஒப்புக்கொண்டுள்ளனர். அதன் வாசலில் சாய்தளம் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேலென்றால் குலை வெட்டப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். தங்களுக்கு ஏற்ற ஒரு நாளை அடுத்த இரண்டு மாதங்களுக்குள் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இங்ஙனம்,
பீடோங் வட்டார மாற்றுத்திறனாளிகள், பெற்றோர் ஆகியோர் சார்பில்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்.

இணைப்பு: மனுவின் மலாய் வடிவம், ஒப்பமிட்டோர் பட்டியல்.