ஃபிளாஷ் அடிக்கிறது, படம் இருட்டாக வருகிறது: உங்கள் சர்வீஸ் சென்டர் சொன்ன மூன்று காரணங்களும் தவறு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் கையடக்க டிஜிட்டல் கேமராவை வாங்கினேன். பில்லும் வாரண்டி அட்டையும் இணைத்திருக்கிறேன். வாங்கியதே அக்கா மகளின் காதுகுத்துக்காகத்தான். குழந்தை என் மடியில், ஆசாரி கம்மலைக் கையில் எடுத்ததும் என் மனைவி எதிரே நாலடி தள்ளி நின்று எடுத்தாள், ஃபிளாஷ் அடித்ததை எல்லோரும் பார்த்தோம். படத்தில் தெரிவது சீர்த்தட்டின் விளிம்பும் என் வேட்டியும்தான். அந்தக் காதை இன்னொரு முறை குத்த முடியுமா?

உங்கள் சர்வீஸ் சென்டரில் முதலில் தூரம் என்றார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஃபிளாஷ் எட்டுவது 3.5 மீட்டர், ஜூம் இழுத்தால் அதில் பாதி என்று இருக்கிறது. சரி, தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், மேடையில் மொத்தக் குடும்பத்தையும் எடுத்த படங்கள் இருண்டதற்கு நான் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் நாலடி? அப்புறம் பேட்டரி செல்லில் சார்ஜ் தளர்ந்திருக்கும் என்றார்கள். தளர்ந்தால் அடுத்த ஃபிளாஷுக்குக் காத்திருக்கும் நேரம்தானே முதலில் நீளும், இங்கே உடனே தயாராகிவிடுகிறது. கடைசியில் வெள்ளை வேட்டி! வெள்ளை நிறம் கேமராவை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும் என்பது உண்மைதான், அதற்காக இவ்வளவு இருட்டா?

எனவே நானே பார்த்துவிட்டேன். இரவில் மொட்டை மாடியில், பூச்சு மட்டும் உள்ள சிமெண்ட் சுவருக்கு 1.5 மீட்டர் தள்ளி ஸ்டூலில் கேமராவை வைத்தேன். புதுசாகச் சார்ஜ் போட்ட செல், ஜூம் இல்லை, ஃபிளாஷ் அளவைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 100. விரல் மறைத்தது என்று சொல்லவும் வழியில்லை, டைமரில் எடுத்தேன். சுவர் கிட்டத்தட்ட கறுப்பு. நண்பரிடம் இதே மாடல் இருக்கிறது, அதே ஸ்டூல், அதே அமைப்பு, அதில் பூச்சின் சொரசொரப்பு கூடத் தெரிகிறது. என் கேமராவில் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றினால்தான் அவருடையது 100இல் தரும் படம் வருகிறது, அதாவது வர வேண்டிய வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. கோளாறு ஃபிளாஷ் பகுதியில் என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? படங்களைத் திருத்தாமல் அனுப்பியிருக்கிறேன், அமைப்பு விவரமெல்லாம் கோப்பிலேயே பதிந்திருக்கிறது.

உங்கள் ஆள் செய்த பரிசோதனையையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில், ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே, பேனா ஸ்டாண்டை அரை மீட்டரில் வைத்து ஒரு படம் எடுத்து, "நல்லா வருதே சார்" என்றார். பிறகு ஜாப் கார்டில் 'கையாண்டவர் பிழை' என்று எழுதி 350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

ஃபிளாஷ் பகுதியை வாரண்டியில் மாற்றுங்கள், முடியாவிட்டால் கேமராவையே மாற்றுங்கள். 350 ரூபாயும் திரும்ப வேண்டும், அந்த 'கையாண்டவர் பிழை'யை அடித்துவிட்டுப் புது ஜாப் கார்டும் வேண்டும், பிழை என் மனைவியுடையது அல்ல. 15 நாளில் பதில் வராவிட்டால் 1915க்கு அழைத்து நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். மறுபடி பரிசோதிப்பதானால் தாராளமாகச் செய்யுங்கள், தயவுசெய்து ட்யூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் எண்ணும் இணைத்துள்ள பில்லில்)