ஸ்னிட்ஸ் எட்வர்ட்ஸின் பெயரையும் அச்சிடுங்கள்

மௌனப் படங்களைத் திரையிடும் திரைப்படக் கழகங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மௌனப்பட நகைச்சுவை நாயகன் பஸ்டர் கீட்டனின் படம் என்றால் முதல் வரிசையில் வந்து உட்காரும் கிழங்களில் நானும் ஒருவன். அண்மையில் ஒரு கழகம் ‘செவன் சான்சஸ்’ படத்தைத் திரையிட்டது. ஏழு மில்லியன் டாலர் உயிலோடு கதாநாயகனைத் துரத்தும் குள்ள வக்கீலைப் பார்த்து அரங்கமே சிரித்தது. ஆனால் கையில் கொடுத்த அறிமுகத் தாளில் அந்த வேடத்தில் நடித்தவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அவர் ஸ்னிட்ஸ் எட்வர்ட்ஸ். 1868இல் புடாபெஸ்டில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, நாடக மேடையில் பல காலம் ஊறிய பிறகே திரைக்கு வந்தவர். தடித்த மூக்கும் தொங்கிய கண்களுமாக இருந்த அந்த முகத்தை 1920களின் ஹாலிவுட் விடாமல் பயன்படுத்திக்கொண்டது. 1924இல் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் நாயகன் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் திருட்டுக் கூட்டாளி அவர்தான். மறு ஆண்டு லான் சேனி நடித்த ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’விலும் இருக்கிறார்.

ஆனால் அவரை அறிய 1926இல் வந்த ‘பாட்லிங் பட்லர்’ படத்தைப் பார்க்க வேண்டும். வேலை எதுவானாலும் “ஏற்பாடு செய்” என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும் பணக்காரப் பிள்ளையாகக் கீட்டன்; அந்தப் பிள்ளையின் பணியாள் எட்வர்ட்ஸ். கல்யாணப் பேச்சும் அவர் தலையில்தான் விழுகிறது. பெண்ணின் அப்பாவும் அண்ணனும் பனைமரம் போல நிற்க, அண்ணாந்து பார்த்துக்கொண்டே, தம் எஜமான் குத்துச்சண்டை வீரர் என்று அவர் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறார். படத்தின் மிச்சக் கதை முழுவதும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது. கீட்டனே உயரத்தில் ஐந்தரை அடியைத் தொடாதவர். அவரையும் நெட்டையாகக் காட்ட இப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்பது என் சந்தேகம். 1927இல் ‘காலேஜ்’ படத்தில் எட்வர்ட்ஸே கல்லூரி முதல்வர். காதலில் தோற்ற தம் பழைய நினைவில் மாணவனுக்கு இரங்கும் அந்த முகத்தில் கேலியே இல்லை.

பேசும்படம் வந்த பின் அவருக்குக் கிடைத்தவை சிறு வேடங்களே. 1937இல் காலமானார்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. அறிமுகத் தாளில் துணை நடிகர்களின் பெயர்களையும் அவர்கள் ஏற்ற வேடங்களையும் அச்சிடுங்கள். சதுரத்தை ஒட்டிய பழைய சட்டகத்தை அகலத்திரை நிரம்பும்படி பக்கவாட்டில் இழுக்காதீர்கள். அன்று அப்படி இழுத்ததில் அந்தக் குள்ள மனிதர் உருட்டி வைத்த பூசணிக்காய் போல ஆகிவிட்டார். முடிந்தால் இந்த மூன்று கீட்டன் படங்களையும் அடுத்தடுத்த மாலைகளில், வந்த வரிசையிலேயே, எட்வர்ட்ஸின் பெயரைத் தலைப்பில் வைத்துத் திரையிடுங்கள். தாளில் அச்சிட வேண்டிய குறிப்பைத் தமிழில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முதல் வரிசைப் பார்வையாளன்