கெல்ஸ் ஊரில் இல்லாத புத்தகத்தை அங்கே காட்டுவதாகச் சொன்னது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தங்கள் சுற்றுலா நிறுவனம், சென்னை.

நாள்: 07.10.2024

பொருள்: இங்கிலாந்து – அயர்லாந்து பத்து நாள் சுற்றுலா, கெல்ஸ் ஊர்ப் பயணத்தில் தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு, கட்டணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த செப்டம்பர் மாதம் தங்கள் நிறுவனத்தின் சுற்றுலாவில் என் அக்காவும் நானும் கலந்துகொண்டோம். அக்காவுக்கு வயது 74. எனக்கு 67. லண்டனில் தங்கிய அறைகள், சாப்பாடு, விமானப் பயணம் எதிலும் குறை இல்லை. இரவு பதினொரு மணிக்கும் அக்காவுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்த உங்கள் ஊழியரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். என் புகார் செப்டம்பர் 17ஆம் தேதியைப் பற்றியது மட்டுமே.

அன்றைய கெல்ஸ் பயணம் தனிக்கட்டணம் கொண்டது. ஆளுக்கு 14,500 ரூபாய் வீதம் இருவருக்கும் சேர்த்து 29,000 ரூபாய் கட்டினோம். உங்கள் தமிழ்க் கையேட்டின் ஆறாம் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "1,200 ஆண்டுப் பழமையான கெல்ஸ் புத்தகத்தை அதன் சொந்த ஊரிலேயே கண்டு மகிழுங்கள். மூன்று மணி நேரம்."

கெல்ஸ் புத்தகம் என்பது துறவிகள் கையால் எழுதிச் சித்திரம் தீட்டிய, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நற்செய்தி நூல். அது கெல்ஸில் இல்லை. ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படைகள் அயர்லாந்தில் இருந்த காலத்தில், 1650களில், பாதுகாப்புக்காக அதை டப்ளினுக்கு எடுத்துப் போனார்கள். 1661ஆம் ஆண்டு வாக்கில் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. கையேட்டை அச்சுக்கு அனுப்பும் முன் ஒருவர் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

'வரலாற்று ஆசிரியைக்கு இது தெரியாதா?' என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். அதனால்தான் ஜூலை மாதமே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "புத்தகம் டப்ளினில் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டேன். எடுத்துப் பேசியவர் யாரிடமோ விசாரித்துவிட்டு, "கெல்ஸ்லதாம்மா காட்டுறோம், கவலைப்படாதீங்க" என்றார். கண்காட்சிக்காகச் சொந்த ஊருக்குக் கொண்டு வந்திருப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நம்பியது என் பிழையாக இருக்கலாம். நம்பச் சொன்னது நீங்கள்.

இதன் விளைவு 16ஆம் தேதி மாலை தெரிந்தது. டப்ளின் நகர உலாவில் ட்ரினிட்டி கல்லூரி வாசலில் புகைப்படம் எடுத்துக்கொள்ள இருபது நிமிடம் கொடுத்தார்கள். உள்ளே போய்ச் சீட்டு வாங்கலாமா என்று வழிகாட்டித் தம்பியிடம் கேட்டேன். அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் கெல்ஸில் பார்க்கப் போகிறோமே அம்மா, இங்கே எதற்கு இரட்டைச் செலவு?" என்றார். அந்தப் புத்தகம் இருக்கும் கட்டடத்துக்குச் சில நிமிட நடைத் தொலைவில் நின்றுவிட்டு நாங்கள் பேருந்தில் ஏறிவிட்டோம். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த இருபது நிமிடம்தான்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அக்கா படித்தது பிரசன்டேஷன் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில். அந்தச் சபை அயர்லாந்தில் தோன்றியது. அதன் கன்னியர் 1842இலேயே கடல் கடந்து சென்னைக்கு வந்துவிட்டார்கள். அக்காவுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த வயதான ஐரிஷ் சிஸ்டர் ஒருநாள் வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினாராம். கெல்ஸ் புத்தகத்தில் இயேசுவின் பெயருக்குரிய கிரேக்க எழுத்துகளை ஒரு பக்கம் முழுக்கச் சித்திரமாக வரைந்த ஏடு அது. முதலில் பார்த்தால் வளையமும் சுழியும் முடிச்சும்தான் தெரியும். "இதற்குள் பூனை எங்கே, எலி எங்கே, கண்டுபிடியுங்கள்" என்றாராம் சிஸ்டர். பெரிய எழுத்தின் அடியில், நற்கருணை அப்பத்தை எலிகள் கடித்துக்கொண்டிருக்க, பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளி மீனைக் கவ்விய ஒரு நீர்நாய். வகுப்பில் முதலில் கண்டுபிடித்தது அக்காதான். பத்து வயதில் பார்த்ததை அறுபது வருடமாக எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கோலம் போட்டால் சுழிக்குள் எங்காவது ஒரு பூனை ஒளிந்திருக்கும். ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்து இந்தப் பயணத்துக்கு அவர் பணம் கட்டியது அந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.

இனி 17ஆம் தேதி. காலை 8.45க்கு டப்ளினில் கிளம்பினோம். கெல்ஸ் அங்கிருந்து வடமேற்கே சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு புறநகர்க் கடைவளாகத்தில் பேருந்தை நிறுத்தி, பன்னிரண்டு மணி தாண்டும்வரை உட்கார வைத்தார்கள். ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது மணி 1.10. சாப்பாடு வேறு ஊரில் ஏற்பாடாகியிருக்கிறது என்று சொல்லி 1.50க்கே மறுபடி ஏறச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் என்று எழுதியது நாற்பது நிமிடமாகிவிட்டது.

அந்த நாற்பதிலும் பத்து நிமிடம் உங்கள் கையேட்டால் வீணானது. 'ஊர் நடுவே நாற்சந்தியில் சந்தைச் சிலுவை' என்று போட்டிருந்தீர்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அக்கா சந்தி முழுக்கத் தேடினார். அந்தக் கற்சிலுவை ஒரு காலத்தில் அங்கே நின்றது உண்மைதான். 1990களில் வாகனம் மோதிச் சேதமானதால் பழைய நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் கூரை போட்டு நிறுத்திவிட்டார்கள். ஊர்ச்சந்தைக்கு அடையாளமாக நூற்றாண்டுக்கணக்கில் நின்ற கல் அது. 1798இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களை அதில் தூக்கிலிட்டதாகவும் ஊரில் சொல்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய இடத்தை அச்சடித்துக் கொடுத்து வயதானவர்களை அலைய விட்டீர்கள். கடைசியில் பேருந்துச் சன்னல் வழியாகத்தான் அதைப் பார்த்தோம்.

தேவாலய முற்றத்துக்கு நாங்கள் போனபோது 1.25. அங்கே கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எவ்வளவு பெரிய ஊரை எவ்வளவு சின்னதாக்கிவிட்டீர்கள் என்பது அதில்தான் புரியும். முடிக்கப்படாத ஒரு சிலுவை நிற்கிறது. நடுவில் சிலுவைப்பாட்டைச் செதுக்கியிருக்கிறார்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் உருவம் வரவேண்டிய கல் புடைப்பாக, கட்டம் கட்டமாக, உளிக்குக் காத்திருப்பது போல அப்படியே நிற்கிறது. சிற்பி முதலில் எதை விட்டுவைப்பார், எதைக் குடைந்தெடுப்பார் என்று அந்தக் கல்லைப் பார்த்தே படிக்கலாம். முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற எனக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. விரலால் ஒரு கட்டத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தபோதே வழிகாட்டி கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

பக்கத்திலேயே வட்டக் கோபுரம். மேலே இருந்த கூம்பு போய்விட்டது, ஆனாலும் சுமார் 26 மீட்டர் உயரம். முற்றத்தில் நடை பழகிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு தாமாகவே வந்து பேசினார். இப்படிப்பட்ட கோபுரங்களின் உச்சியில் பெரும்பாலும் நான்கு சன்னல் இருக்கும், இதில் ஐந்து. ஊருக்குள் வந்த ஐந்து பழைய சாலைகளைப் பார்த்தபடி வைத்திருக்கிறார்கள் என்றார். அக்கா அவரிடம்தான் ஆசையாகக் கேட்டார், புத்தகத்தை எந்தக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று. அவர் முகம் மாறிவிட்டது. "அது டப்ளினில் இருக்கிறதே அம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அக்கா ஒன்றும் பேசவில்லை. கைத்தடியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கையேட்டில் இருந்த, ஐரிஷ் துறவி புனித கொலம்பாவின் பெயர் கொண்ட இல்லமும் பூட்டிக் கிடந்தது. செங்குத்தான கற்கூரையும், அதற்குள்ளேயே ஒரு சின்னப் பரணும் கொண்ட ஆயிரம் வருடத்துக் கட்டடம். முன்கூட்டி ஏற்பாடு செய்தால் திறந்து காட்டுவார்களாம். உங்கள் தரப்பில் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பூட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அன்று மாலை ட்ரிம் கோட்டையையும் வெளியே நின்று பார்த்துவிட்டு டப்ளின் வந்து சேர 6.30 ஆகிவிட்டது. ட்ரினிட்டியில் சீட்டு இல்லை. மறுநாள் விடியற்காலை ஊருக்கு விமானம்.

கெல்ஸின் உண்மைக் கதையைச் சொல்லியிருந்தாலே அந்தப் பயணம் நிறைந்திருக்கும். 806இல் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர், ஸ்காட்லாந்தை ஒட்டி கொலம்பா நிறுவிய மடம் இருந்த அயோனாத் தீவில் 68 பேரைக் கொன்ற பிறகு, அங்கிருந்த துறவிகள் மறு வருடமே கெல்ஸில் மடம் கட்டத் தொடங்கினார்கள். 1007இல் கொலம்பாவின் பெரிய நற்செய்தி நூல் அந்த ஊர்த் தேவாலயத்திலிருந்து திருடு போய், இரண்டு மாதமும் இருபது இரவும் கழித்து, பொன்னைப் பிடுங்கிக்கொண்ட நிலையில் மண்ணுக்கடியில் கிடைத்தது. அந்த நூல்தான் இன்றைய கெல்ஸ் புத்தகம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். '16ஆம் தேதி டப்ளினில் புத்தகம், 17ஆம் தேதி அது வாழ்ந்த ஊர்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் யாருக்கும் எந்த ஏமாற்றமும் இல்லை.

செப்டம்பர் 23இல் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு உங்கள் அலுவலகம் தந்த பதில் என்னை மேலும் வருத்தியது. கெல்ஸில் புத்தகத்தின் நகல் இருப்பதால் விளம்பரம் தவறில்லை என்றும், நல்லெண்ணமாக அடுத்த பயணத்தில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையேட்டில் 'நகல்' என்ற சொல் எங்கும் இல்லை. அந்த நகலைக்கூட நீங்கள் எங்களுக்குக் காட்டவில்லை. 74 வயதுக்காரர் இன்னொரு முறை அயர்லாந்து போவார் என்று எண்ணித் தள்ளுபடி தருவது சரிதானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கெல்ஸ் பயணத்துக்கு நாங்கள் கட்டிய 29,000 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். கையேட்டின் ஆறாம் பக்கத்தை உடனே திருத்த வேண்டும். அடுத்த குழுவில் போகும் எவரும் ட்ரினிட்டி வாசலோடு திரும்பக் கூடாது. என் அக்காவின் பெயருக்கு, தமிழில், உங்கள் கையொப்பத்தோடு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும். வழிகாட்டியாக வந்த தம்பியின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். அவர் அலுவலகம் சொன்னதைத்தான் எங்களிடம் சொன்னார். பேருந்தில் அக்காவிடம் கண்கலங்கி வருத்தம் தெரிவித்தவரும் அவர் ஒருவர்தான்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்காக எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதும் இல்லை. பணம் கட்டிய ரசீது, கையேட்டின் ஆறாம் பக்கம், உங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் படிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். பூட்டிய கதவின் முன் அக்கா நிற்கும் படமும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கும்பகோணம் வாடிக்கையாளர்
(அக்காவின் சார்பிலும்)