ஹுவாச்சுகாவில் ஒரு கர்னல், சிகாகோவில் அவர் மனைவி

ஆசிரியருக்கு வணக்கம்.

போர்க்கால ராணுவ மருத்துவர்கள் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதில் வரும் மனைவிமார் எல்லோரும் கணவர் பின்னாலேயே முகாமுக்குப் போய்விடுகிறார்கள். போகாத ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் கறுப்பினப் படைப்பிரிவுகள் அரிசோனா பாலைவனத்து ஹுவாச்சுகா கோட்டையில் பயிற்சி பெற்றன. ஒரே முகாமில் வெள்ளையருக்கு ஒரு மருத்துவமனை, கறுப்பினத்தவருக்கு ஒன்று. அதிகாரிகள் மாலையில் போய் உட்காரும் கிளப்கூட இரண்டு! நாட்டுக்காக உயிரைக் கொடுக்க வந்தவர்களுக்கு இந்த மரியாதை. கறுப்பின மருத்துவர்களே நடத்திய மருத்துவமனைக்குத் தலைவர் மிடியன் பூஸ்ஃபீல்ட். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவில் கர்னல் ஆன முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

சரி, அவர் மனைவி மாடெல் எங்கே இருந்தார்? சிகாகோவில், வெண்டெல் பிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக. கணிதம் படித்தவர்; 1928-லேயே சிகாகோ அரசுப் பள்ளிகளின் முதல் கறுப்பினத் தலைமை ஆசிரியர் ஆனவர். கணவர் பாலைவனத்தில் மருத்துவமனை நடத்திய காலத்திலும் அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை. 1950-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் பணி.

கணவரோடு போய் ஒண்டுக்குடித்தன அறைகளில் சிரமப்பட்ட பெண்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களும் போரைச் சுமந்தவர்கள்தான். ஆனால் பூஸ்ஃபீல்ட் தம்பதியைப் பற்றித் தமிழில் நான் எங்கும் படித்ததில்லை. உங்கள் ஞாயிறு இணைப்பில் இருவரைப் பற்றியும் விரிவாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, மதுரை