அந்த மாதிரிப் படம் இல்லை அம்மா

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நீ சரியாகப் பேசாததற்குக் காரணம் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. நான் இங்கே "அந்த மாதிரிப் படம்" பார்க்கப் போகிறேன் என்று யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். போனில் பேசினால் சண்டையில் போய் முடியும், அதனால் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படி.

இங்கே ஒவ்வொரு படத்துக்கும் வயதுத் தரம் கொடுப்பார்கள். ஆர் 21 என்றால் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். நான் பார்த்தவற்றில் சில அந்தத் தரம்தான், மறைக்கவில்லை. பெண்கள் எடுத்த படங்களாகத் தேடிப் பார்க்கிறேன். பீச் ரோட்டில், கோல்டன் மைல் டவரின் ஐந்தாவது மாடியில் புரொஜெக்டர் என்று ஒரு தியேட்டர் இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். 2025 ஆகஸ்டில் அதை மூடிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த சாந்தால் அக்கர்மான் 1975-இல் எடுத்தது. அப்போது அவருக்கு வயது 24. படத்தின் பெயரே ஒரு பெண்ணும் அவள் வீட்டு விலாசமும்தான்: ழான் டீல்மன், 23 கே டு கொமெர்ஸ், 1080 புருசெல். 3 மணி 21 நிமிடம் ஓடுகிறது. கணவனை இழந்த ஒருத்தி, படிக்கிற மகன், மூன்று நாள். உருளைக்கிழங்கு சீவுகிறாள், இறைச்சித் துண்டை மாவில் புரட்டுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். கேமரா அசையாமல் நின்று, அவள் வேலையை முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறது. மத்தியானத்தில் காசு கொடுத்து ஆண்கள் வந்து போகிறார்கள். முதல் இரண்டு நாளும் அந்த அறைக் கதவு சாத்திக்கொள்கிறது, கேமரா நடையிலேயே நின்றுவிடுகிறது. அடுப்படிக்குத்தான் மறுபடி மறுபடி போகிறது.

இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பானையைத் தூக்கிக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது அம்மா. அப்பா இறந்த வருஷம், ஒருநாள் நீ சோற்றை வடிக்க மறந்து, குழைந்த பானையோடு கொல்லைக்கும் அடுப்படிக்கும் நடந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நானும் தம்பியும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து தியேட்டரிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார்.

லண்டனிலிருந்து வரும் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை, உலகத்தில் சிறந்த படம் எது என்று 1952-இலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களைக் கேட்கிறது. 2022-இல் முதலிடம் இந்தப் படத்துக்கு. ஒரு பெண் எடுத்த படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

உடம்பைக் காட்டுவதால்தான் இப்படிப்பட்ட படங்கள்மேல் கோபம் வருகிறது என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். அப்படியில்லை. நம் தனுஷ்கோடி மீனவர்களை வைத்து லீனா மணிமேகலை எடுத்த செங்கடலுக்கு 2011-இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. இந்தியா, இலங்கை இரண்டு நாட்டு அரசுகளையும் பற்றி அதில் பேசியிருந்ததுதான் காரணம். மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வெட்டில்லாமல் வந்தது. இங்கேயும் டான் பின் பின் என்ற பெண், பல காலமாக ஊர் திரும்ப முடியாமல் வெளிநாடுகளில் வாழ்கிற சிங்கப்பூரர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். 2014-இல் பொதுவில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. ஜனங்கள் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஊர் நினைப்பைப் பற்றிய படம் அம்மா அது!

அக்கர்மான் எடுத்த இன்னொரு படமும் உண்டு. அவர் நியூயார்க்கில் இருந்தபோது அவருடைய அம்மா எழுதிய கடிதங்களை அவரே வாசிக்கிறார். திரையில் தெருக்களும் சுரங்க ரயிலும் மட்டும். அம்மா உடம்பைப் பற்றி எழுதுகிறார், சொந்தக்காரர்களைப் பற்றி எழுதுகிறார், இன்னும் அடிக்கடி எழுது என்று கேட்கிறார். வண்டிச் சத்தம் வரும்போது அந்தக் குரல் அமுங்கிவிடுகிறது. மகள் எழுதிய பதில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

அன்றிரவு எம்ஆர்டி ரயிலில் வரும்போது பார்த்தேன், நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதில் மூன்றை நான் கேட்காமலே விட்டிருந்தேன். ஒன்றில் கருவேப்பிலைச் செடி பட்டுப்போனதைச் சொல்லியிருந்தாய்.

பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பில் அந்த அடுப்படிப் படத்தைக் கொண்டுவருகிறேன். மூன்றாம் நாள் என்ன ஆகிறது என்பதை நீயே பார்த்துக்கொள். வசனம் குறைவு, அதையும் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறேன். அன்றைக்கு நீ அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. சமையல், பாத்திரம் எல்லாம் தம்பிதான், இப்போதே சொல்லிவை.

தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு வருகிறார். கோடாலித் தைலம் ஆறு பாட்டில் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் கொடுத்துவிடாமல் உன் முழங்காலுக்கு இரண்டு பாட்டிலாவது எடுத்து வை.

உன் அன்பு மகள்